பூசி மறைத்த வெள்ளை

மழை விடாததால் படகு இல்லத்தை மூடிவிட்டார்கள். பூங்கா வாசலில் மரம் விழுந்து கிடந்தது. மலை ரயில் பாதையில் மண் சரிந்து ரயிலும் ஓடவில்லை. தீபாவளி விடுமுறைக்குத் திருப்பூரிலிருந்து வந்திருந்த பாண்டியராஜ் குடும்பத்துக்கு ஊட்டியில் பார்ப்பதற்கு மிச்சம் இருந்தது ஓவிய அருங்காட்சியகம் ஒன்றுதான். யாரோ ஒரு துரை விட்டுப்போன பங்களாவைப் புதுப்பித்து அதைத் திறந்திருந்தார்கள்.

அழைத்துக்கொண்டு போன வேலுமணியும் அதற்குமுன் அங்கே போனதில்லை. அவர் கோத்தகிரிக்காரர். சொந்தமாகப் பொக்லைன் வைத்திருக்கிறார். மலைச்சரிவை வெட்டி வீடு கட்ட இடம் பண்ணிக் கொடுப்பார். வெட்டிய இடத்துக்குப் பின்னால் மண் சரியாமல் தடுப்புச் சுவரும் கட்டிக் கொடுப்பார். பாண்டியராஜ் அவருக்குச் சகலை. மனைவி ஜீவிதாவின் அக்கா பங்கஜத்தின் கணவர். அவர்களுடைய மகள் கனிஷ்கா கல்லூரியில் முதல் வருடம்.

விருந்தாளிகளை வேலுமணி கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு காட்டேஜில் தங்கவைத்திருந்தார். அது பெங்களூர்க்காரர் ஒருவருடையது. அவர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் உறவினர்கள் வந்தால் தங்கவைத்துக்கொள்ளச் சொல்லி வேலுமணியிடம் ஒரு சாவியைக் கொடுத்திருந்தார். அந்த இடத்தை வெட்டியதும் பின்னால் நிற்கும் சுவரைக் கட்டியதும் வேலுமணிதான். யாரை அழைத்துப்போனாலும் "நம்ம செவுரு" என்று காட்டாமல் விடமாட்டார். காட்டேஜுக்குக் கீழே, முற்றத்திலிருந்து கல்படி இறங்கினால், காவலுக்கு இருக்கும் பொன்னுத்துரையும் கருப்பம்மாவும் குடியிருக்கிற சின்ன வீடு.

அருங்காட்சியகத்தின் மாடி அறைக்கு ஏறும்போதே பாண்டியராஜுக்குக் குளிர் தாங்கவில்லை.

"இத்தனை பெரிய பங்களால ஒரு ஹீட்டர் வெச்சாத்தான் என்னவாம்? அந்தத் துரை எப்படித்தான் இங்க குடும்பம் நடத்துனானோ."

"உங்கள மாதிரி லுங்கியைக் கட்டிக்கிட்டா நடத்துனான்? கோட்டு போட்டிருப்பான்," என்றாள் பங்கஜம்.

மாடியில் ஒரே ஒரு படம் ஒரு சுவர் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது. உருவம் எதுவும் இல்லை. பெரும்பாலும் செம்பழுப்பு நிறம். நிறத்தைத் தூரிகையால் பூசாமல் அகலமான தகடு எதனாலோ இழுத்து அப்பியிருந்தார்கள். மேலிருந்து கீழாகச் சீப்பால் வாரியதுபோல் இணைகோடுகள். நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு வெளிறிய பட்டை. முதலில் வெள்ளையைப் பூசி, அதன்மேல் செம்பழுப்பை இழுத்து மறைத்திருந்தார்கள். ஆனாலும் வெள்ளை முழுதாக மறையவில்லை.

"இதென்னடி, பாதியில உட்டுட்டுப் போயிட்டானா?" என்றாள் பங்கஜம்.

"அப்ஸ்ட்ராக்ட்மா. அர்த்தம் நாமளா எடுத்துக்கோணும்," என்றாள் கனிஷ்கா.

"அர்த்தத்தையும் நாமளே எடுத்துக்கறதுன்னா அவனுக்கு என்னடி வேலை?"

பாண்டியராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து பார்த்தார். "எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. நம்ம பட்டறைக்குப் பொறத்தால ஓடற சாக்கடை. சிவப்புச் சாயம் போட்டு அலசுன அன்னைக்கு அச்சா இதே கலருதான்."

"சாயப்பட்டறைலயே நின்னா சொர்க்கத்துக்குப் போனாலும் சாக்கடைதான் தெரியும்," என்றாள் பங்கஜம்.

"எனக்கு மொளகாப் பொடில மைதா கொட்டுன மாதிரி இருக்குதுக்கா," என்றாள் ஜீவிதா. எல்லோரும் சிரித்தார்கள். அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலரும் சிரித்தார்.

"நீங்க சொல்லுங் தம்பி, உங்களுக்கு என்ன தெரியுது?" என்று பங்கஜம் திரும்பினாள்.

வேலுமணி அவர்களோடு இல்லை. படத்துக்கு மிக அருகில் போய் நின்றிருந்தார். கழுத்தை நீட்டி அந்த இணைகோடுகளைப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து வெளிறிய பட்டையை விளக்கு வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பார்த்தார். வெள்ளையும் சிவப்பும் சேரும் விளிம்பு பளபளத்தது. அவருடைய கை தானாக அதை நோக்கிப் போயிற்று.

"சார், தொடாதீங்க." காவலர் எழுந்து வந்தார். மார்பில் சில்வஸ்டர் என்று பெயர்ப்பட்டை இருந்தது.

"ஈரமா இருக்குங்களே."

"ஈரம் இல்ல சார், வார்னிஷ். அந்த எடத்துல மட்டும் கெட்டியாப் பூசியிருக்காரு. வர்றவங்க பாதிப் பேரு தொட்டுப் பாக்கத்தான் வர்றாங்க."

"இது எந்த எடமுங்க?"

"எடமே கெடையாது சார். பேரு கூட வெக்கல பாருங்க." படத்துக்குப் பக்கத்தில் இருந்த அட்டையில் தலைப்பில்லை என்றுதான் எழுதியிருந்தது.

"வரைஞ்சவரு இந்தப் பக்கத்து ஆளுங்களா?"

"கும்பகோணம் பக்கம்னு சொல்லுவாங்க. மலையே ஏறுனதில்லையாம். படத்த மட்டும் வாங்கிட்டு வந்து மாட்டுனாங்க."

வேலுமணி அட்டையில் போட்டிருந்த வருடத்தைப் பார்த்தார். படம் அவர் கட்டபெட்டில் மண் வெட்டுவதற்கு வெகு முன்பே வரையப்பட்டிருந்தது. யாரோ அங்கே நின்று பார்த்துவிட்டு வரைந்ததாக இருக்க முடியாது. அது அவருக்கு நிம்மதியைத் தந்திருக்க வேண்டும். தரவில்லை. பார்த்தது ஒரு ஆளாக இருந்தால் அவனிடம் பேசலாம், மறுக்கலாம், சண்டை போடலாம். இங்கே அப்படி யாரும் இல்லை. சாக்கடையைப் பார்த்தவர்களும் மிளகாய்ப் பொடியைப் பார்த்தவர்களும் தங்கள் தங்கள் வீட்டைத்தான் பார்த்தார்கள். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடுகள் பொக்லைன் வாளியின் பற்கள் இழுத்த கோடுகள். அன்றைக்கு அவரே வண்டியில் உட்கார்ந்து வெட்டினார். செம்மண் வெண்ணெய் மாதிரி வந்துகொண்டிருந்தது. சரிவின் இடுப்பு உயரத்துக்கு வந்தபோது வாளிக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. செம்மண்ணுக்குள் வெள்ளைக் களி தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்பது இந்த மலையில் மண் வெட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அதற்குள் தண்ணீர் இருக்கிறது. இறங்கிப் போய்க் கையை வைத்துப் பார்த்தார். களி வியர்த்துக்கொண்டிருந்தது. ஊற்று இருக்கிற இடம் என்று தெரிந்தால் கட்டட அனுமதி போய்விடும். மறுநாள் பார்வையிட ஆள் வருவதாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் மேலிருந்து செம்மண்ணை இழுத்து அந்த வெள்ளையின்மேல் அப்பி, வாளியின் முதுகால் தட்டிச் சமன் செய்துவிட்டார்.

பிறகு சுவர் எழும்பியது. தடுப்புச் சுவர் என்றால் அதில் வரிசையாகக் குழாய்கள் வைக்க வேண்டும். பின்னால் தேங்கும் தண்ணீர் அவற்றின் வழியே வெளியே வந்துவிடும். வராவிட்டால் தண்ணீரின் எடை முழுவதையும் சுவர் தாங்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த இடத்தில் குழாய் வைத்தால் கோடையிலும் ஒழுகும். ஒழுகினால் ஊற்று என்பது தெரிந்துவிடும். அதனால் குழாய்களை முழங்கை நீளத்துக்கு நறுக்கிச் சுவரின் முகத்தில் மட்டும் பதித்தார். வெளியிலிருந்து பார்த்தால் முறைப்படி வைத்த குழாய்கள். உள்ளே கல்லும் சிமெண்டும்தான். வேலைக்கு நின்ற கொத்தனார் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தார். தண்ணீர் வேறு எங்காவது வழி பார்த்துக்கொள்ளும் என்று வேலுமணி தனக்குச் சொல்லிக்கொண்டார். சென்ற வருட மழையில் ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு அவர் அதை நினைப்பதையே விட்டுவிட்டார்.

"என்னுங்க சகல, படத்துக்குள்ளயே போயிட்டீங்க?" பாண்டியராஜ் அவர் தோளில் கை போட்டார். "மண்ணு கலர்ல இருந்தா உங்களுக்குப் புடிச்சுப் போயிருமே. நான் சொல்லோணும்னு நெனச்சிட்டே இருந்தேன். காலைல பல்லு வெளக்கிட்டு உங்க செவுத்தத்தான் பாத்துட்டு நின்னேன். வர்ற வழியெல்லாம் ரோட்டோரச் செவுத்துல இருக்கற பைப்புல தண்ணி பீச்சி அடிக்குது. உங்க செவுத்துல ஒரு சொட்டு வரோணுமே! என்னமா கட்டியிருக்கீங்க."

வேலுமணி அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு சொட்டுக் கூடங்களா?"

"உள்ள வெரல உட்டுப் பாத்தேன்னா பாத்துக்குங்க. தூசிதான் வருது."

"போலாங்க," என்றார் வேலுமணி.

"இன்னும் ரெண்டு ரூம் இருக்குது சித்தப்பா."

"போலாம் சாமி. மழை வலுக்குது."

பாண்டியராஜின் காரில்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். தொட்டபெட்டா தாண்டியதும் மேகம் சாலைக்கு இறங்கிவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. முன் இருக்கையில் இருந்த வேலுமணி சாலையோரச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். சகலை சொன்னது சரி. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் வளைந்து விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் கொட்டக் கொட்ட அவருக்கு அந்தச் சுவர்களின்மேல் பொறாமையாக இருந்தது.

"காட்டேஜ் ஓனர் போன் பண்ணியிருந்தாரு," என்றார், கண்ணாடியைப் பார்த்தபடி. "இன்னைக்கே ஆளுகளோட வர்றாராம். நாம போனதும் சாமானை எடுத்துட்டு ஊட்டைக் காலி பண்ணோணும்."

பங்கஜம்தான் முதலில் வாய் திறந்தாள். "அதுதான பாத்தேன். நாம ரெண்டு நாளு நிம்மதியா இருந்தா ஆருக்காச்சும் பொறுக்காதே."

"எனக்கு வைஃபை பாஸ்வேர்டே இன்னைக்குத்தான் கெடச்சுது," என்றாள் கனிஷ்கா.

"நம்ம ஊட்டுக்குப் போயிரலாங்க்கா," என்றார் வேலுமணி.

"உங்க ஊட்டுல எடம் பத்தாதுன்னுதான தம்பி இங்க கொண்டாந்து வெச்சீங்க? இப்ப மட்டும் ஊடு பெருசாயிருச்சா?"

"அடியே, உடு. அவரு ஊரா, நம்ம ஊரா," என்று பாண்டியராஜ் அடக்கினார். ஜீவிதா தன் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தாள். பிறகு கணவனின் பின்கழுத்தைப் பார்த்தாள்.

காட்டேஜுக்கு வந்து சேர்ந்தபோது மழை சற்று ஓய்ந்திருந்தது. பெண்கள் உள்ளே போய்த் துணிகளை மடிக்கத் தொடங்கினார்கள். வேலுமணி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். சுவர் நனைந்து கறுத்திருந்தது. குழாய் வாய்கள் காய்ந்திருந்தன. சுவரின் ஒரு கோடியில் நின்று, கன்னத்தைக் கல்லோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகோடியைப் பார்த்தார். கட்டி முடித்த அன்று அப்படிப் பார்த்தபோது நூல் பிடித்ததுபோல் இருந்தது. இப்போது மறுகோடி தெரியவில்லை. நடுவில் சுவர் வயிறு தள்ளியிருந்தது.

"சித்தப்பா! பாத்ரூம்ல என்ற ஷாம்பு இருக்குது, கதவு தொறக்க மாட்டேங்குது!"

"காலைலருந்தே மக்கர்தான்," என்றது பங்கஜத்தின் குரல். "மழைக்கு மரம் ஊதிப்போச்சு. ரெண்டு தட்டுத் தட்டு."

வேலுமணி உள்ளே வந்தார். அது மரக்கதவு இல்லை. பிளாஸ்டிக் கதவு, எந்த மழைக்கும் ஊதாது. அடியில் மண் நகர்ந்து சட்டம்தான் கோணியிருந்தது. மேலே ஒரு மூலையில் விரல் நுழையும் இடைவெளி. எதிர் மூலையில் கதவு தரையைக் கவ்விக்கொண்டிருந்தது. தோளால் இடித்துத் திறந்து, ஷாம்பு குப்பியை எடுத்துக் கொடுத்தார்.

"அவ்வளவுதான். போலாம், போலாம். மிச்சத்த நான் அப்புறம் கொண்டு வர்றேன்."

"ஊறப்போட்ட பருப்பு இருக்குதுங் தம்பி, வடைக்கு."

"கெடக்கட்டுங்க்கா!"

அவர் கத்தியதைக் கேட்டுப் பங்கஜத்தின் முகம் சுருங்கிப்போனது. பருப்புப் பாத்திரத்தை அப்படியே மேடையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். பாண்டியராஜ் பெட்டிகளைக் காரில் ஏற்றினார். சகலையின் முகத்தைப் பார்ப்பதை அவரும் தவிர்த்தார்.

ஜீவிதா மட்டும் வாசலில் நின்றாள். அக்காவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஏனுங்க, ஓனர் எப்பங்க போன் பண்ணுனாரு?"

"மத்தியானம்."

"உங்க போனு காலைலருந்து என்ற பையிலதான இருக்குது. நனையும்னு நீங்கதான குடுத்தீங்க."

வேலுமணி வீட்டுப் பக்கம் திரும்பினார். அவள் அவர் கண் போன திசையில் பார்த்தாள். பின்பக்கச் சுவரின் ஒரு துண்டு மட்டும் அங்கிருந்து தெரிந்தது. பையைத் திறந்து போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களும் வாங்க."

"கீழ பொன்னுத்துரை அண்ணன் இருக்காரு. நீங்க முன்னால போங்க."

"இங்க வேற ஆரையும் நிக்க வெக்காதீங்க. நீங்களும் நிக்காதீங்க." அவள் போய்க் காரில் ஏறினாள். அக்காவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பது கார் திரும்பிய நிதானத்தில் தெரிந்தது.

கல்படியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது மழைத் தண்ணீர் நிறத்தில் இல்லை. பால் கலந்ததுபோல் இருந்தது. வேலுமணி அதில் கால் வைத்து இறங்கினார். காவல் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கருப்பம்மா கதவைத் திறந்தாள்.

"வாங்க தம்பி. இந்த மழையில என்னா? ஒக்காருங்க, தேத்தண்ணி குடிக்கலாம்."

அவளும் பொன்னுத்துரையும் சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். பந்தலூரில் கொழுந்து பறித்து, வேலைக்காலம் முடிந்து தோட்டத்து லய வீட்டைக் காலி செய்த பிறகு இந்தக் காவல் வேலைக்கு வந்தார்கள். அவர்களை இங்கே சேர்த்துவிட்டதும் வேலுமணிதான்.

"ஓனர் வர்றாருங்கண்ணா. கொஞ்ச நாளைக்கு வேற எடத்துல இருக்கச் சொன்னாரு. இப்பவே கெளம்போணும்."

பொன்னுத்துரை பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார். "ஓனர் வர்றதுன்னா என்னயத்தான மொதல்ல கூப்பிடுவாரு? நேத்துக்கூட பேசுனாரு. பொங்கலுக்குப் பொறகுதான் வருவேன்னாரு. ஒங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லிப்புட்டாக."

"இல்லீங்கண்ணா..."

"மழைன்னு பயப்படுறீயளா? மேல நீங்க கட்டுன சுவரு நிக்கிறப்ப எங்களுக்கு என்னா பயம்? நா இவகிட்ட அடிக்கடி சொல்லுவேன். கோட்டைக்குக் கீழ படுத்திருக்கோம்னு."

வேலுமணி வேறு பொய் தேடினார். கரடி, காட்டெருமை, மின்கம்பி. எதைச் சொன்னாலும் பொன்னுத்துரை கம்பை எடுத்துக்கொண்டு காவலுக்குத்தான் நிற்பார். அது அவருடைய வேலை. கருப்பம்மா டம்ளரை நீட்டினாள். அதை வாங்க அவருக்குக் கை வரவில்லை.

"அந்தச் செவுரு நிக்காதுங்கண்ணா."

"என்னா?"

"பைப்பு உள்ள போகலீங்க. முன்னால மட்டும் சொருகி வெச்சிருக்குது. நாந்தான் அப்படி வெச்சேன். பின்னால ஊத்து இருக்குது. அத மூடித்தான் செவுரே கட்டுனேன். மலைத் தண்ணி பூரா இப்ப அதுக்குப் பின்னால நிக்குது. செவுரு புடைச்சிருச்சு, நான் பாத்துட்டுத்தான் வர்றேன்."

பொன்னுத்துரை சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். வேலுமணியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

"தெரிஞ்சுதான் எங்கள இங்க கொண்டாந்து வச்சீயளா?"

"ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"யாருக்கு ஆகாதுன்னு?"

கருப்பம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். கொடியிலிருந்து ஒரு சேலையை உருவி, அதில் ரேஷன் கார்டையும் மாத்திரைப் பொட்டலத்தையும் இரண்டு கம்பளியையும் போட்டுக் கட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஒங்க வீட்டு ஆளுகள மொதல்ல அனுப்பிட்டுத்தான எங்கள்ட்ட வந்தீய?"

"ஆமாங்க."

"கார் போற சத்தம் கேட்டுச்சு."

அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். மூவரும் கல்படி வழியாக ஏறவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து, சுற்றிக்கொண்டு தார்ச்சாலையை அடைந்தார்கள். செடிகள் இடுப்பை நனைத்தன. மேகத்தில் காட்டேஜும் சுவரும் தெரியவில்லை. நடக்கும்போது எங்கோ உள்ளே கல்லோடு கல் உரசுவதுபோல் ஒரு ஓசை கேட்டது. பொன்னுத்துரை நின்று காது கொடுத்தார். மறுபடி கேட்கவில்லை. அது சற்று முன்னே கேட்டிருந்தால் காட்டெருமை என்று நினைத்திருப்பார்கள்.

சாலையோரம் பேருந்து நிழற்குடையில் கருப்பம்மா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொன்னுத்துரை வேலுமணியிடமிருந்து தள்ளிப்போய் நின்றார்.

"ஜீவிதாகிட்டச் சொல்லி வண்டிய அனுப்பச் சொல்றேன். நம்ம ஊட்டுக்கே போயிரலாங்க," என்றார் வேலுமணி.

கருப்பம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "தம்பி," என்றாள். "இதே மாதிரி வேற எங்கெல்லாம் கட்டியிருக்கீய?"

எதிரே மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. அதற்குள் அங்கங்கே வீட்டு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வேலுமணி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். முதல் எண்ணுக்கு மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. இரண்டாவது, அரவேணுவுக்குப் பக்கத்தில் அவர் சுவர் கட்டிக்கொடுத்த ஒரு வீடு. உடனே எடுத்தார்கள். தொலைக்காட்சி ஓடும் சத்தமும் தட்டுகளின் ஓசையும் கேட்டன.

"சொல்லுங் வேலு! என்ன, அதிசயமா?" என்றார் வீட்டுக்காரர் சுரேஷ்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் வேலுமணி. அப்படிச் சொன்னதும் நிறுத்திக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தார்.

"இப்ப ஊட்டுல ஆரெல்லாம் இருக்கறீங்க?"